தாகத்தைப் பழக்கியது யார்?

மாசி முடிந்து பங்குனி பிறக்கும்போது, ஆண்டுதோறும் அந்த அறிவுரையும் கூடவே பிறந்துவிடுகிறது. நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்கள், தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சிகள், மாவட்ட நிர்வாகத்தின் வெப்ப எச்சரிக்கைகள், உறவினர்கள் அனுப்பும் வாட்ஸப் செய்திகள் என எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே குரல்தான்: நிறையத் தண்ணீர் குடியுங்கள். அறிவுரை சரியானதுதான், அதில் நமக்குப் பிணக்கு ஏதுமில்லை. ஆனால் அந்த அறிவுரை யாரை மனத்தில் வைத்துச் சொல்லப்படுகிறது என்ற கேள்வி மட்டும் ஒவ்வோர் ஆண்டும் பதிலின்றிக் கிடக்கிறது.

அறிவுரையின் கற்பனையில் இருக்கும் மனிதருக்கு ஒரு மேசை உண்டு. மேசைமேல் ஒரு புட்டி உண்டு. புட்டியில் மணிக்கொரு கோடு போட்டிருக்கும். கைப்பேசியில் ஒரு செயலி, குறித்த நேரத்தில் ஒலி எழுப்பி அவரை அழைக்கும். பத்தடி தொலைவில் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை இருக்கும். இவ்வளவு இருந்தும் இரண்டு வாரத்தில் செயலியின் ஒலி நிறுத்தப்படுகிறது. புட்டி குளிர்பதனப் பெட்டிக்குள் போய் வேறெதற்கோ பயன்படுகிறது. 'மனவுறுதி இல்லை' என்ற தீர்ப்போடு கதை முடிந்துவிடுகிறது. தண்ணீர் குடிக்கும் பழக்கத்தைப் பற்றி நம் சூழலில் நடக்கும் உரையாடல் அனேகமாக இந்த ஒருவரின் தோல்வியைச் சுற்றியே நடக்கிறது.

நம் கருத்து வேறு. குடிக்கும் பழக்கம் ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு முன்னால், குடிக்காமலிருக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். ஏனெனில் அதுவும் ஒரு பழக்கம்தான். பல ஆண்டுகள் முயன்று பயின்ற பழக்கம். இதை விளங்கிக்கொள்ள அன்னூரையும் அதைச் சுற்றியுள்ள கொங்குச் சீமையையும் சற்றே உற்றுப் பார்ப்பது உதவும் என்று கருதுகிறோம்.

முதலில் அந்தப் புகழ்பெற்ற எட்டுக் குவளைக் கணக்கைத் தீர்த்துவிடலாம். 1945இல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் ஒரு பரிந்துரையை வெளியிட்டது. வளர்ந்த ஒருவருக்குப் பெரும்பாலும் நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் நீர் பொருத்தமான அளவு என்றது அது. அதோடு நிற்கவில்லை; அந்த நீரின் பெரும்பகுதி நாம் உண்ணும் உணவிலேயே அடங்கியிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொன்னது. முன் வரி உலகம் சுற்றியது. பின் வரி ஊரிலேயே தங்கிவிட்டது. எட்டுக் குவளைக் கணக்கின் மூலம் இந்தப் பாதி வாசிப்பாக இருக்கக்கூடும் என்று 2002இல் உடலியங்கியல் பேராசிரியர் ஹைன்ஸ் வால்டின் எழுதினார். மிதமான தட்பவெப்பத்தில், அதிகம் உடலை வருத்தாமல் வாழும் நலமுள்ளவர்களுக்கு அந்தக் கணக்கை ஆதரிக்கும் அறிவியல் சான்று எதுவும் தமக்குக் கிடைக்கவில்லை என்பது அவருடைய முடிவு. ஒரு பிரதியின் ஒரு வரியை மட்டும் பிடுங்கி மேற்கோளாக்கினால் என்ன நேரும் என்பதற்கு இலக்கிய வாசகர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

வால்டின் போட்ட நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். மிதமான தட்பவெப்பம், உடலுழைப்பு இல்லாத வாழ்வு. இவ்விரண்டும் இல்லாதவர்களின் நிலை என்ன? 2022இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. 23 நாடுகளில், பிறந்து 8 நாளான குழந்தை முதல் 96 வயது முதியவர் வரை 5,604 பேரின் உடலில் நாள்தோறும் எவ்வளவு நீர் புகுந்து வெளியேறுகிறது என்பதை அது அளந்தது. வயது, உடல் பருமன், உழைப்பு, வெப்பம், காற்றின் ஈரப்பதம் ஆகியவற்றைப் பொறுத்து அளவு பெரிதும் மாறுகிறது என்று தெரிந்தது. மனிதவள மேம்பாட்டுக் குறியீட்டில் பின்தங்கிய நாடுகளில் வாழ்வோரின் உடல் கூடுதல் நீரைச் செலவிடுகிறது என்பதும் அதில் வெளிப்பட்ட செய்தி. எளிமையாகச் சொன்னால், எல்லாருக்கும் பொதுவான எட்டுக் குவளை என்று ஒன்று கிடையாது. குளிரூட்டிய அறையில் அமர்ந்திருப்பவருக்கு அது மிகையாக இருக்கலாம். வெயிலில் நிற்பவளுக்கு அது போதாது. வெப்பத்தில் கடும் வேலை செய்வோர் பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை குடிக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அமைப்புகள் தரும் வழிகாட்டல். அப்படியானால் யாருக்குத் தண்ணீர் மிகவும் வேண்டியிருக்கிறதோ அவர்களுக்குத்தான் குடிப்பதற்கான வாய்ப்பு மிகவும் குறைவு என்பதே நாம் பேச வேண்டிய செய்தி.

இனி அன்னூர்ப் பக்கம் வருவோம். கோவையிலிருந்து சத்தியமங்கலம் போகும் நெடுஞ்சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் வறண்ட நிலம் இது. ஒரு பக்கம் அவிநாசி, மறுபக்கம் மேட்டுப்பாளையம். மேட்டுப்பாளையத்தில் பவானி ஓடுகிறது, அன்னூரில் ஆறில்லை. கிணறும் குளமும்தான் இங்கே வேளாண்மையின் கதி. கிணறுகள் வற்றிய பின் ஆழ்துளைக் குழாய்கள் வந்தன; அவை ஆயிரம் அடியையும் தாண்டிப் போயின. தண்ணீரின் அருமையைப் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இந்த மக்களுக்கு இருந்ததேயில்லை.

இத்தகைய வறண்ட பூமியில் முந்தைய தலைமுறை எட்டுக் குவளை எண்ணிக் குடித்ததாகத் தெரியவில்லை. தேவையும் இருக்கவில்லை. காலையில் கம்மங்கூழ் அல்லது ராகிக் கூழ், இரவு நீரூற்றி வைத்த சோற்றின் நீச்சுத்தண்ணி, உச்சிவெயிலில் மோர், பனையேறுவோர் உள்ள ஊர்களில் பருவகாலத்துத் தெளுவு. பதநீரைத்தான் கொங்கில் தெளுவு என்பார்கள். இவற்றில் எதையும் யாரும் 'தண்ணீர் குடித்தல்' என்று கணக்கு வைத்ததில்லை. ஆனால் உடலுக்கு வேண்டிய நீரில் பெரும்பங்கு, உப்போடு சேர்ந்து, உணவென்ற பெயரில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. 1945இன் பரிந்துரையில் மறக்கப்பட்ட அந்த இரண்டாம் வரியைக் கொங்கு வேளாண்குடிகள் படிக்காமலேயே கடைப்பிடித்திருக்கிறார்கள். தாகமெடுத்தால், வேலை நடக்கும் இடத்திலேயே கிணறும் கவலையும் இருந்தன. வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் நீட்டப்படுவது சொம்புத் தண்ணீர். பேச்சு அதற்குப் பிறகுதான்.

இதைப் பொற்காலமாக்கிக் காட்டுவது நம் நோக்கமன்று. அந்தச் சொம்பு யாருக்கு நீட்டப்பட்டது, யாருக்கு நீட்டப்படவில்லை என்பதைப் பின்னர் பேசுவோம். இங்கே சொல்ல வந்தது ஒன்றுதான். உணவு மாறியதும் நீர் உணவை விட்டு வெளியேறிவிட்டது. விடியலில் ஒரு தேநீர், பேருந்து நிறுத்தத்தில் பொட்டலமாகக் கட்டிய இட்லி, இரவில் பரோட்டா என்று உணவு வறண்டபின், நீர் தனியே நினைவு வைத்துச் செய்ய வேண்டிய கடமையாகிவிட்டது. முன்பு பழக்கமே வேண்டியிராத ஒன்றுக்கு இன்று பழக்கம் வேண்டியிருக்கிறது. தண்ணீர் குடிக்கக்கூடவா பயிற்சி வேண்டும் என்று பெரியவர்கள் வியப்பதில் நியாயமிருக்கிறது. அவர்கள் காலத்தில் வேண்டியிருக்கவில்லை.

சரி, பழக்கம் எப்படி உருவாகிறது? லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடனாளர்களும் 96 பேரைக் கொண்டு இதை ஆராய்ந்தார்கள். 2009இல் முடிவுகள் வெளிவந்தன. ஒவ்வொருவரும் எளிய செயல் ஒன்றைத் தேர்ந்து, நாள்தோறும் ஒரே சூழலில் செய்து வர வேண்டும். மதிய உணவோடு ஒரு புட்டித் தண்ணீர் குடிப்பது போன்ற செயல்களும் அவற்றுள் அடக்கம். செயல் தன்னியல்பாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. ஆனால் ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஒருநாள் தவறினால் பெரிய பாதகமில்லை என்பதும் தெரிந்தது. இதில் நமக்குப் பயன்படும் செய்தி நாள்களின் எண்ணிக்கையன்று. 'ஒரே சூழலில்' என்ற நிபந்தனைதான். பழக்கம் என்பது மனத்துக்குள் மட்டும் முளைப்பதில்லை. அதே நேரம், அதே இடம், அதே முன்செயல் என்று வெளியே ஒரு கொம்பு இருந்தால்தான் அந்தக் கொடி படரும். கொம்பு நட்டுக்கொள்ளும் உரிமை இல்லாதவரிடம் கொடி ஏன் படரவில்லை என்று கேட்பது அறமாகாது.

இப்போது பேருந்து நிறுத்தத்துக்குப் போவோம். அதிகாலையில் அன்னூரைச் சுற்றிய ஊர்களில் மில் வண்டிகளுக்கும் திருப்பூர்ப் பனியன் கம்பெனி வண்டிகளுக்கும் காத்திருக்கும் பெண்களைக் கொங்கில் வாழும் எவரும் பார்த்திருக்கலாம். நூற்பாலைக்குள் ஒரு விசித்திரம் உண்டு. காற்று வறண்டால் நூல் அறுந்துவிடும். ஆகவே செயற்கையாக ஈரப்பதம் ஊட்டி அந்தக் காற்றைப் பதமாக வைத்திருப்பார்கள். நூலுக்கு எவ்வளவு ஈரம் வேண்டும் என்பதற்குக் கருவி உண்டு, அளவு உண்டு, பொறுப்பாளர் உண்டு. அந்த ஈரப்பதத்தில் வியர்வை உலராமல், சுழலும் கதிர்களுக்கு நடுவே ஷிஃப்ட் முழுவதும் நடந்துகொண்டிருக்கும் பெண்ணின் உடலில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று பார்க்க எந்தக் கருவியும் இல்லை. அவள் எந்திரத்தை விட்டுப் போனால் நூல் அறுந்து கிடக்கும். போவதற்கு அனுமதி வேண்டும். அனுமதி கேட்க வேண்டியவர் பெரும்பாலும் ஓர் ஆண். கேட்டுப் போனாலும் அங்கே தாழ்ப்பாள் இருக்குமா, தண்ணீர் வருமா என்பது வேறு கேள்வி. இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு? குடிக்காமலிருந்தால் போகவே வேண்டாமே!

இப்படித்தான் பழக்கம் தொடங்குகிறது. காலையில் இரண்டு மடக்கு. பதினொரு மணிக்கு உதட்டை நனைக்க ஒரு வாய். மதியச் சோறு இறங்க அரைக் குவளை. மாலையில் வீடு திரும்பியதும், செருப்பைக் கழற்றும் முன்பே ஒரு சொம்பு முழுவதும். நேரம், இடம், முன்செயல் எல்லாம் ஒழுங்காக அமைந்த பழக்கம் இது. லாலியின் ஆய்வில் கலந்துகொண்டவர்களைவிட இந்தப் பெண்கள் திறமையானவர்கள். 66 நாள்களில் அல்ல, சில நாள்களிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். இவர்களுக்கு மனவுறுதி இல்லை என்று யாராவது சொன்னால் நம்மால் ஏற்க முடியாது. நாள் முழுவதும் தாகத்தை அடக்குவதற்கு வேண்டிய உறுதி எட்டுக் குவளை குடிப்பதற்கு வேண்டியதைவிடப் பன்மடங்கு பெரியது.

இது நம் ஊகமல்ல. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபாலும் குழுவினரும் 2014-15இல் தென்னிந்தியாவில் மூன்று வகைத் தொழில்களில் ஈடுபட்ட 312 பெண்களிடம் ஆய்வு நடத்தி, 2016இல் வெளியிட்டார்கள். அவர்களுள் 71 விழுக்காட்டினர் பாதுகாப்பான வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்தனர். வேலையிடத்தில் கழிப்பறை இல்லாமலோ போதாமலோ இருந்த 200 பேரில் 87 விழுக்காட்டினர் சிறுநீர், பிறப்புறுப்புச் சார்ந்த தொல்லைகளை அவ்வப்போது அனுபவித்ததாகச் சொன்னார்கள். நம் வீடுகளில் 'சூடு', 'நீர்க்கடுப்பு' என்று தாழ்ந்த குரலில் பேசப்பட்டு, வெந்தயமும் இளநீரும் கொடுத்து மூடிவைக்கப்படும் அந்தத் துன்பம்தான் இது. அடிக்கடி வரும் தொற்று மேலேறிச் சிறுநீரகத்தைத் தொடலாம்; நீர் குறைந்த உடலில் கல் திரளலாம். தாகத்துக்கு இந்தப் பெண்கள் கொடுக்கும் விலை இது.

சட்டத்தை எழுதியவர்களுக்கு இந்த முடிச்சு தெரிந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 18ஆம் பிரிவு குடிநீரைப் பற்றியது. அதற்கடுத்த 19ஆம் பிரிவு கழிப்பறையைப் பற்றியது. குடிநீர் வைக்கும் இடத்தில் பெரும்பான்மைத் தொழிலாளர்க்குப் புரியும் மொழியில் 'குடிநீர்' என்று எழுதியிருக்க வேண்டும். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் வெயில் காலத்தில் குளிர்ந்த நீர் தர வேண்டும் என்றெல்லாம் அச்சட்டம் வகுத்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்குத் தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. குடிநீரும் கழிப்பறையும் தர வேண்டிய கடமை அதிலும் தொடர்கிறது. ஆக, ஒரு குவளை நீர் உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே செயலின் இரு பாதிகள் என்பதைச் சட்டம் அறிந்திருக்கிறது. அறிவுரை கூறும் நாம்தான் முதல் பாதியை மட்டும் உரக்கச் சொல்லி, இரண்டாம் பாதிக்கு வெட்கப்பட்டு நிறுத்திக்கொள்கிறோம்.

இந்த வெட்கத்தில் நம் இலக்கியத்துக்கும் பங்குண்டோ என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. நவீனத் தமிழில் 'தண்ணீர்' என்றதும் நினைவுக்கு வருபவை அசோகமித்திரனின் நாவலும், கந்தர்வனின் சிறுகதையும், கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகமும். மூன்றும் நம் பெருமைக்குரிய படைப்புகள், ஐயமில்லை. ஆனால் வாசித்து நெடுநாளான பின்னும் நம் மனத்தில் நிற்பவை காலிக் குடமும், வரிசையும், நடையும்தான். கந்தர்வனின் கதையில் இந்திரா ரயிலிலிருந்து குடத்தை நிரப்பப் போனவள். அந்தக் குடம் ஊர் திரும்பியதா என்று நாம் பதைத்தோம். அவள் ஒரு வாய் குடித்தாளா என்று கேட்கத் தோன்றியதா? தண்ணீர் சுமப்பவளாகப் பெண்ணைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தண்ணீர் குடிப்பவளாகப் பார்க்க இன்னும் பழக்கமாகவில்லை. குறை எழுத்தாளருடையதன்று, வாசிப்பினுடையது என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆலை மட்டும் இந்தப் பாடத்தைக் கற்பிக்கவில்லை. ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றபடியே புடவை விரிக்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழகம் 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் 2018இலேயே திருத்தியிருந்தது. உட்காருவதற்கே ஒரு சட்டத்திருத்தம் தேவைப்பட்ட இடத்தில், வாடிக்கையாளர் எதிரே புட்டியைத் திறந்து குடிப்பது எவ்வளவு எளிதாக இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். பயிர்க்காட்டில் களையெடுப்பவள், நூறுநாள் வேலையில் மண் சுமந்தவள், பேருந்தில் கடைசி நடை வரை இறங்க முடியாத நடத்துநர், எல்லாரும் ஒரே பள்ளியின் மாணவர்கள்.

அந்தப் பள்ளி உண்மையான பள்ளியிலிருந்தே தொடங்குகிறது என்பதுதான் வேதனை. பள்ளிக் கழிப்பறைக்குப் போக விரும்பாத சிறுமி, காலையில் அம்மா நிரப்பிக் கொடுத்த புட்டியை மாலையில் அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள். அல்லது, அம்மா திட்டுவாளே என்று வழியில் கொட்டிவிட்டு வருகிறாள். 2019இல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணியடிக்கும் வழக்கம் வந்தது. 2025 சூன் இறுதியில் தமிழகப் பள்ளிக் கல்வித்துறையும் அதைத் தொடங்கியது. காலை 11 மணி, பகல் 1 மணி, மாலை 3 மணி என மூன்று முறை மணி ஒலிக்கும். பிள்ளைகள் இருந்த இடத்திலிருந்தே தண்ணீர் குடிக்கலாம். இத்திட்டத்தை நாம் மனமார வரவேற்கிறோம். பழக்கத்துக்கு வேண்டிய கொம்பை அரசே நட்டிருக்கிறது. குடிப்பதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதே ஒரு பெரிய விடுதலை. ஆனால் அந்த மணிக்கு ஒரு துணை வேண்டும். குடித்த அரைமணி நேரத்துக்குப் பின் எழுந்து போகும் சிறுமியை 'பாடம் நடக்கும்போது எங்கே போகிறாய்?' என்று கேட்காத ஆசிரியர்தான் அந்தத் துணை; போகுமிடத்தில் தண்ணீர் வருகிற குழாயும், தாழ்ப்பாளும், கழுவிய தரையும்தான் அந்தத் துணை. இவை இல்லாத பள்ளியில் மணி ஒலிக்கும், புட்டி திறக்காது.

இனி, முன்னே தள்ளிவைத்த சொம்புக்கு வருவோம். வந்தவருக்கெல்லாம் முதலில் தண்ணீர் கொடுப்பது கொங்கு மண்ணின் குணம் என்று பெருமை பேசுகிறோம். எல்லாருக்கும் ஒரே சொம்பில் கொடுக்கப்பட்டதா? கைகளைக் குவித்துக் குனிந்து நிற்க, மேலிருந்து ஊற்றப்பட்ட தண்ணீரைக் குடித்தவர்கள் இதே மண்ணில் இருந்தார்கள். இப்பகுதித் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை இருந்ததும், அதை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்ததும் இந்த நூற்றாண்டின் செய்திகளே. 1927 மார்ச் 20 அன்று மகாட் நகரில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்துபோய்ச் சவுதார் குளத்து நீரைக் கையால் அள்ளிப் பருகினார். அன்று அவர் செய்தது தண்ணீர் குடித்தல் என்ற ஒற்றைச் செயல்தான். அந்த ஒற்றைச் செயலுக்கு எவ்வளவு துணிவும் கூட்டமும் வேண்டியிருந்தன! பொதுக் கிணறுகளையும் குளங்களையும் பயன்படுத்துவதில் யாரையும் சாதியின் பெயரால் தடுக்கலாகாது என்று அரசமைப்பின் 15ஆம் பிரிவு தனியே எழுத வேண்டியிருந்தது. வேலைக்குப் போன தோட்டத்தில் தண்ணீர் கேட்கும் அவமானத்துக்கு அஞ்சித் தாகத்தோடே திரும்பிய தலைமுறைகளுக்கும், அனுமதி கேட்கும் அவமானத்துக்கு அஞ்சிக் குடிக்காமலிருக்கும் இன்றைய மில் பெண்ணுக்கும் இடையே ஒரு தொடர்ச்சி உண்டு. இரண்டு இடத்திலும் தாகம் உடலில் எழுந்து, மானத்தால் அடக்கப்பட்டது.

'அப்படியானால் மேசையும் புட்டியும் கழிப்பறையும் இருந்தும் குடிக்காதவர்களுக்கு என்ன பதில்?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர்களுக்கு எண்ணிக்கையை விட்டுவிடச் சொல்வோம். புதிதாக ஒரு கடமையைச் சேர்ப்பதைவிட, ஏற்கெனவே நடக்கும் செயலோடு நீரைக் கட்டிவிடுவது எளிது. எழுந்து பல் துலக்கியதும் ஒரு குவளை, தேநீருக்கு முன் ஒரு குவளை, ஒவ்வொரு வேளை உணவோடும் ஒரு குவளை. மதியத்தில் மோரும் காலையில் கூழும் திரும்பி வந்தால் பாதிக் கணக்கு தானே தீர்ந்துவிடும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமானது, கருமஞ்சளானால் குறைவு. முதுமையில் தாக உணர்வு மங்கிவிடுவதால் வீட்டுப் பெரியவர்களுக்கு நாமே நினைவூட்ட வேண்டும். இதயமோ சிறுநீரகமோ பழுதுபட்டு, நீரின் அளவை மருத்துவர் வரையறுத்திருப்போர் இந்த அறிவுரைகளுக்கு உட்பட்டவர்கள் அல்லர். இவ்வளவுதான். இது கடினமான வித்தையன்று. சூழல் கையிலிருப்பவர்களுக்குச் சில வாரங்களில் கைகூடுவது.

சூழல் கையில் இல்லாதவர்களுக்கு என்ன செய்வது என்பதற்கு அன்னூரிலேயே ஒரு விடை கிடக்கிறது. பவானியின் உபரிநீரை இந்த வறண்ட பகுதிக்குக் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை அரை நூற்றாண்டுக்கு மேல் பழையது. தேர்தல்தோறும் வாக்குறுதியாக வந்து போனது. 2016 பிப்ரவரியில் அவிநாசியில் மக்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2019இல் அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்துவைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே எடுக்கும் 1.5 டி.எம்.சி. நீரை, ஆறு நீரேற்று நிலையங்கள் படிப்படியாக மேலேற்றி, மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்புவது திட்டம். அந்த ஆறில் கடைசி நிலையம் அன்னூரில் இருக்கிறது.

குளம் வற்றியபோது, குளத்துக்கு மனவுறுதி போதாது என்று யாரும் சொல்லவில்லை. தண்ணீர் வந்து சேர்வதற்கான வழி இல்லை என்றுதான் சொன்னார்கள். வழி கேட்டார்கள், போராடினார்கள், தலைமுறை கடந்து பெற்றார்கள். தொழிலாளியின் உடலைப் பற்றியும் அதே மொழியில் பேசத் தொடங்குவதே நாம் வேண்டுவது. அதற்கு ஆயிரக்கணக்கான கோடிகள் தேவையில்லை. இரண்டு மணிக்கொருமுறை எந்திரத்தை மாற்றிப் பார்க்க ஓர் ஆள். கேட்காமலே போய்வரும் உரிமை. பெண்களுக்குத் தனியான, கழுவிய கழிப்பறை. கைக்கெட்டும் தொலைவில், எல்லாருக்கும் ஒரே குவளையோடு, ஒரு குடிநீர்க் குழாய். தொழிற்சாலை ஆய்வாளர் நூலின் தரத்தைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்கலாம். திருப்பூர் ஆடையை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் தணிக்கையாளர், கழிப்பறை இருக்கிறதா என்பதோடு, கடந்த ஷிஃப்டில் எத்தனை பெண்கள் அங்கே போனார்கள் என்றும் கேட்கலாம். நம்மைப் போன்ற எழுதுவோரும் படிப்போரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் பெண்ணுக்கும், வாசலில் பொட்டலம் கொண்டுவந்து கொடுக்கும் இளைஞனுக்கும், அவர்கள் கேட்கும் முன்பே தண்ணீர் கொடுப்பது. 'கழிப்பறை அங்கே இருக்கிறது' என்று கையைக் காட்டுவது. முதல் வாக்கியத்தைச் சொல்ல நமக்குப் பழக்கம் உண்டு. இரண்டாவதைச் சொல்லத்தான் பழக வேண்டும்.

இந்தப் பங்குனியிலும் அறிவுரை வரும். வரட்டும். தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லும் ஒவ்வொருவரும், சொல்லப்படுபவர் எங்கே போவார் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டால், அந்த அறிவுரை முதன்முறையாக முழுமை பெறும்.